ஸ்தல ஸ்தாபனங்களும் வலைத்தள நிர்வாகமும்: பிரசுரக் கடமையின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நகராட்சியோ ஊராட்சியோ தன் எல்லைக்குட்பட்ட ஜனங்களுக்கு எந்தெந்தச் செய்திகளைத் தெரிவிக்கக் கடமைப்பட்டது, அவற்றை எவ்விடத்தில், எவருடைய பொறுப்பில், எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்னும் வினா, கணிப்பொறி நம் அலுவலகங்களுக்குள் நுழைந்த பிறகு எழுந்ததன்று; வரி வாங்கும் அமைப்பும் வரி கொடுக்கும் குடிகளும் எதிரெதிரே நின்ற நாள்தொட்டே அது இருந்து வந்திருக்கிறது. ஆயினும் அவ்வினாவுக்குள் இரண்டு கடமைகள் கலந்து கிடக்கின்றன. செய்தியை ஊரறியச் செய்வது ஒன்று. அறிவித்த செய்தியைப் பின்னொரு நாள் எவரேனும் எடுத்துப் பார்க்கும்படி காத்து வைப்பது மற்றொன்று. முன்னது சட்டத்தின் வழியாகப் படிப்படியே விரிந்து வந்திருக்க, பின்னது பெரும்பாலும் அலுவலகச் சம்பிரதாயத்தையே நம்பிக் காகிதக் கட்டுகளோடு நின்றுவிட்டது என்பதும், தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களின் வலைத்தளங்களில் இன்று காணும் குறைகளுட் பல இவ்விரண்டும் பிரிந்துபோனதன் விளைவே என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

உத்தரமேரூரில், இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் என வழங்கும் கட்டடத்தின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய, இரு சாசனங்கள் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வழியே வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுக்கும் முறையை அவை விதிப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைக்கு ஏற்க மறுத்த விதியும் பலகால் எடுத்துப் பேசப்பட்டதே. நம் ஆராய்ச்சிக்கு வேண்டியது அவ்வளவாக யாரும் கவனியாத வேறொரு செய்தி. முதற் சாசனம் வாரியத்திற்குரியவரின் வயதை 30க்கு மேல் 60க்குள் என்று வகுத்தது. இரண்டாண்டு கழித்துச் சபையார் அதனை 35க்கு மேல் 70க்குள் என்று திருத்தினர். திருத்தியவர்கள் பழைய வியவஸ்தையைச் செதுக்கி அழித்துவிடவில்லை. மாற்றப்பட்ட விதியும் மாற்றிய விதியும், தத்தம் ஆட்சியாண்டுக் குறிப்போடு, ஒரே கட்டடத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. அச்சபை ஒரு பிரமதேயத்தின் சபை என்பதையும், நிலமும் வேதப் பயிற்சியும் உடைய சிலருக்கே அதில் இடமிருந்தது என்பதையும், கல்லில் வெட்டியதைப் படிக்கவல்லார் ஊரில் எத்துணைப் பேர் இருந்திருக்கக்கூடும் என்னும் ஐயத்தையும் மறந்துவிட்டு, அதனை ஜனநாயகத்தின் தொட்டில் என்று போற்றுவது மேடைப் பழக்கம். ஆயினும் ஒரு விதி எப்போது பிறந்தது, எப்போது மாறியது என்பதைப் பிற்காலத்தார் ஐயமறத் தெரிந்துகொள்ள இடமளித்தது என்ற ஒரு சிறப்பை அச்சுவருக்கு எவரும் மறுக்க இயலாது.

காத்தலுக்குக் கல் பயன்பட்டது. அறிவித்தலுக்குப் பறையே பயன்பட்டது. தண்டோரா போடுவது என்று கிராமங்களில் வழங்கும் அவ்வழக்கத்தைக் கும்பினியார் ஆட்சியும் அதன்பின் வந்த ஆட்சிகளும் கைவிடவில்லை. ஏரிப் பாசனம், கால்நடை முகாம், வரிபாக்கி, கிராமசபைக் கூட்டம் என எதுவாயினும், எழுத்தறியாதார் மிகுந்த ஊரில் தெருமுனையில் நின்று சொல்வதே பலன் தந்தது. அதைச் செய்யும் இழிவு மட்டும் ஒடுக்கப்பட்ட சாதியார் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. இவ்வழக்கம் என்றோ மறைந்ததென நகரத்தார் எண்ணக்கூடும். 2022 ஆகஸ்டில், அந்நாளில் தலைமைச் செயலாளராயிருந்த வெ. இறையன்பு, தண்டோராவை அறவே நிறுத்தி வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டு 27 ஆண்டுகள் கழிந்தபின்பும் பறை ஒலித்துக்கொண்டிருந்தது என்றால், புதிய சாதனம் பழையதை அகற்றிவிட்டு வந்து அமர்வதில்லை என்பது விளங்கும்.

அச்சு யுகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 இல் தொடங்கியது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட் 1832 இல் வெளிவரலாயிற்று. 1865, 1871 ஆம் ஆண்டுகளின் நகர அபிவிருத்திச் சட்டங்களும், 1882 மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தின் சாயல் படிந்த 1884 ஆம் ஆண்டுச் சட்டங்களும், இறுதியாக 1920 ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் பிரசுரத்தைப் படிப்படியே நிர்வாகத்தின் அங்கமாக்கின. கெஜட்டின் சிறப்பு அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தேதியில்லாத கெஜட் இல்லை. எண்ணில்லாத அறிவிக்கை இல்லை. பிழை நேர்ந்தால் திருத்தம் வேறோர் இதழில் வருமேயன்றி அச்சான பக்கத்தை எவரும் திரும்பப் பெற்று மாற்ற முடியாது. நகராட்சி வாயிலில் தொங்கிய அறிவிப்புப் பலகையோ இதற்கு நேர்மாறானது: புதிய தாள் பழைய தாளின்மேல் ஒட்டப்படும், மழையில் நனைந்தது உரியும், உரிந்ததைப் பற்றி எவரும் கவலைப்படார், ஏனெனில் அசல் உள்ளே கோப்பில் இருக்கிறது.

அந்தக் கோப்பைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. தமிழ்நாட்டு அலுவலகத்தில் ஒரு தபால் வந்தவுடன் பதிவேட்டில் ஏறி எண் பெறுகிறது. பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் இடம்பெறுகிறது. குறிப்பு எழுதப்பட்டு, மேலாளர் வழியே ஆணையாளர் மேசைக்குப் போய், உத்தரவு பெற்றுத் திரும்புகிறது. காரியம் முடிந்ததும் அக்கோப்பு இன்ன முடிவுக்குரியது என்று உறைமேல் குறிக்கப்படுகிறது. மூன்றாண்டு முடிவு என்றால் மூன்றாண்டு கழித்து அழிக்கலாம்; பத்தாண்டு முடிவுக்கும் அவ்வாறே; நிரந்தர முடிவாயின் ஒருநாளும் அழிக்கலாகாது. ஆக, ஒரு சாமானிய எழுத்தர் கையாளும் காகிதத்திற்குக் கூடப் பிறந்த நாளும், பொறுப்பாளியும், ஆயுளும் விதிக்கப்பட்டுவிடுகின்றன. நம் அலுவலக முறைகளைச் சிவப்பு நாடா என்று பரிகசிப்போர், இவ்வேற்பாட்டின் அருமையை அது இல்லாத இடத்திலேதான் உணரக்கூடும்.

இல்லாத இடம் வலைத்தளமே. 1976 இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம் எண்பதுகளின் இறுதிக்குள் மாவட்டத் தலைநகரங்களைத் தன் வலையமைப்பால் இணைத்துவிட்டிருந்தது. 1995 ஆகஸ்டு 15 இல் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்திற்கும் மின்னணு கெஜட்டுக்கும் சட்ட அந்தஸ்து அளித்தது. அதே காலத்தில், அரசியலமைப்பின் 73 ஆம், 74 ஆம் திருத்தங்கள் 1993 இல் அமலுக்கு வந்து, 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்து, 1996 இல் தேர்தல் நடந்து, ஸ்தல சுயாட்சி புத்துயிர் பெற்றிருந்தது. இருவேறு ஆறுகள் ஒரே பருவத்தில் பெருகின. ஆனால் நெடுநாள் கலக்கவில்லை. முதல் தலைமுறைத் தளங்களில் ஊரின் வரலாறும், கோயில்களின் படங்களும், அதிகாரிகளின் தொலைபேசி எண்களும் இருந்தனவேயன்றி, தீர்மானமும் கணக்கும் அரிதாகவே இருந்தன.

இத்துடன் எழுத்துருச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, படிக்க வருபவர் முதலில் அதனை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை இட்ட காலம் அது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் குறிமுறைகள் அரசின் ஏற்பைப் பெற்றன; 2010 இல், கோவையில் செம்மொழி மாநாடு கூடிய ஜூன் மாதத்தில், யூனிகோடும் டேஸ்-16ம் அரசின் தரங்களாயின. இடைப்பட்ட பதினோராண்டுகளில் பழைய குறிமுறைகளில் ஏற்றப்பட்டவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் விட்ட இடங்களிலெல்லாம், அவ்வெழுத்துரு கணிப்பொறியிலிருந்து நீங்கிய அன்றே பக்கமும் பொருளற்ற குறிகளாய்ப் போயிற்று. ஓலையைக் கறையான் அரிக்கச் சில நூற்றாண்டுகள் ஆகும்.

2005 ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்பம். தமிழ்நாடு 1997 இலேயே தகவல் பெறும் உரிமைக்கு ஒரு சட்டம் இயற்றியிருந்தது எனினும், அது விலக்குகள் மிகுந்து பயன் சுருங்கியது. 2005 ஜூன் 15 இல் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டத்தின் 4 ஆம் பிரிவோ, எவரும் கேளாமலே வெளியிட வேண்டிய 17 இனங்களை வகுத்து, 120 நாள் கெடு வைத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் பணித்தது. வரவு செலவுத் திட்டம், ஊழியரின் மாதச் சம்பளம், மானியம் பெறுவோர் விவரம், உரிமம் பெற்றோர் விவரம் யாவும் அதில் அடங்கும். அப்பிரிவின் விளக்கவுரை நம் கருத்துக்கு மிக அரியதொரு சான்று. தகவலைப் பரப்புதற்குரிய வழிகளை எண்ணும்போது அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் என்று ஒரே மூச்சில் அது கூறிச் செல்கிறது. செலவு, ஸ்தல மொழி, அவ்விடத்திற்கேற்ற பயனுள்ள முறை ஆகியவற்றை மனத்திற்கொண்டு பரப்ப வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. ஏழை வாக்காளரின் நிலையை அறிந்தவர்கள் வகுத்த விவேகமான விதி இது. ஆனால் இணையத்தைப் பலகையோடு வரிசைப்படுத்தியதில் ஒரு தீங்கும் நேர்ந்தது: அலுவலகங்கள் தளத்தைப் பலகையாகவே கருதின, பழைய தாளின்மேல் புதிய தாளை ஒட்டும் வழக்கம் அப்படியே தளத்திற்கு வந்து சேர்ந்தது. அதே பிரிவின் தொடக்கத்தில், ஆவணங்களை அட்டவணைப்படுத்திக் கணினியேற்றிக் காக்க வேண்டும் என்றிருக்கும் வாசகத்தை எவரும் இவ்வளவு ஆவலோடு கைக்கொண்டதாகத் தெரியவில்லை.

குறையை உணர்ந்தவர்கள் இல்லாமற் போகவில்லை. 2009 இல் தேசியத் தகவலியல் மையம் வகுத்த இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள், ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு வலைத் தகவல் மேலாளர் வேண்டும், எழுதுபவர் யார், சரிபார்ப்பவர் யார், ஒப்புதல் அளிப்பவர் யார் என்பது வரையறுக்கப்பட வேண்டும், காலாவதியான பொருளை ஆவணக் காப்புக்கு மாற்றும் கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தன. கோப்புக்கு எழுத்தர், மேலாளர், ஆணையாளர் என்ற படிகளும் முடிவுக் குறிப்பும் இருந்தது போலவே இதுவும் அமைந்திருத்தல் காண்க. முகப்பிலும் முக்கியப் பக்கங்களிலும் கடைசியாகப் புதுப்பித்த நாள் தெரிய வேண்டும் என்பதும் அந்நெறிகளுள் ஒன்று. நடைமுறையிலோ, சில தளங்களின் அடியில் தெரியும் அத்தேதி எவரும் பக்கத்தைத் திருத்திய நாளன்று. திறந்து பார்க்கும் நாளையே மென்பொருள் தானாகக் காட்டிக்கொண்டிருக்கும். மூன்றாண்டுக்கு முன் மாற்றலாகிப் போன அதிகாரியின் பெயருக்குக் கீழே இன்றைய தேதி மின்னுவதைக் கண்டு, கெஜட்டின் அச்சுக்கோப்பவர் சிரித்திருப்பார்.

பின்னர் வந்த ஏற்பாடுகளுள் இரண்டை மட்டும் குறிப்பிடுவேன். தேசியத் தகவலியல் மையம் பொதுச் சட்டகம் ஒன்றை அமைத்து மாவட்டத் தளங்களை அதற்குள் கொண்டுவந்தது. இதனால் பாதுகாப்பும், பார்வையற்றோர் படிக்கும் வசதியும், ஒரே சீரான தோற்றமும் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் முன்னர் 'டி.என்.நிக்.இன்' என முடிந்த மாவட்ட முகவரிகள் மாறின. முகவரி மாறும்போது பழைய பக்கங்கள் யாவும் புதிய இடத்திற்குக் குடிபெயர வேண்டும் என்ற நியதி எதுவுமில்லை.

இரண்டாவது, பணத்தின் கட்டாயம். 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், உதவிக்கு ஈடாகப் பகிரங்கப்படுத்தும் சட்டமொன்றை மாநிலங்கள் இயற்ற வேண்டும் என்றது. சென்னையும் மதுரையும் கோவையும் அத்திட்டத்துள் அடங்கின. 15 ஆம் நிதிக் குழுவோ இன்னும் வெளிப்படையாக, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கையான கணக்கையும் இணையத்தில் வெளியிட்ட ஸ்தாபனங்களுக்கே மானியம் என்று நிபந்தனை வைத்தது. 2020 ஏப்ரல் 24 இல் தொடங்கப்பெற்ற இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில், தமிழ்நாட்டின் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளின் கணக்குகளை எவரும் பார்க்கலாம். கணக்குக் காட்டாதவனுக்குக் குடவோலையில்லை என்ற இடத்திலிருந்து, கணக்கு ஏற்றாத ஊருக்கு மானியமில்லை என்ற இடத்திற்கு வந்திருக்கிறோம். ஆனால் உத்தரமேரூரில் கணக்குக் கேட்டவர்கள் அவ்வூர்ச் சபையார், இங்கே கேட்பது டில்லி. கேட்பவர் யாரோ அவருக்கேற்ற வடிவத்திலேயே கணக்கு அமையும் என்பதற்கு, கிராமத்தார் எளிதிற் பொருள் காணமுடியாத தலைப்புகளும் குறியீட்டெண்களும் நிறைந்த அப்பட்டியல்களே சாட்சி.

மேலும், சபையே இல்லாத காலத்தில் சபையின் தளம் யாருடையது? 2016 அக்டோபரில் நகர்ப்புற மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி 19 இல் தேர்தல் நடக்கும்வரை, தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தனர். மாமன்ற உறுப்பினர், நிலைக்குழு, தீர்மானம் என்னும் பக்கங்களுக்கு ஐந்தாண்டுக்கு மேலாகப் பொருளே இல்லாதிருந்தது. பழைய மன்றத்தின் பக்கங்களை நீக்குவதா, தேதியிட்டுக் காப்பதா என்று சொல்ல அலுவலரிடம் விதியொன்றும் இல்லை.

விதி எங்கிருந்து வரவேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். 1993 ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், கணிப்பொறியில் உண்டாக்கப்பட்டதையும் ஆவணமெனவே கொள்ளும் தீர்க்கதரிசனம் உடையது. ஆனால் அது மத்திய அரசையும் யூனியன் பிரதேசங்களையும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஸ்தல சுயாட்சியோ ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 5 ஆம் இனம். ஆகவே நாடாளுமன்றத்தை எதிர்பார்க்க வேண்டிய அவசியமின்றி, 2023 இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளிலும் அதையொத்த ஊராட்சி விதிகளிலும் மாநில அரசே சில வரிகளைச் சேர்க்கலாம்: தளத்தில் ஏறும் ஒவ்வொரு பக்கமும் அதன் மூலக் கோப்பின் எண்ணைத் தாங்க வேண்டும், கோப்புக்கு எந்த முடிவோ பக்கத்திற்கும் அதே முடிவு, திருத்தம் வந்தால் முந்தைய வாசகம் தேதியோடு அருகிலேயே நிற்க வேண்டும், முகவரி மாறினால் பழைய முகவரி புதியதற்கு வழிகாட்ட வேண்டும். இவற்றைக் கவனிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்தில் வந்துபோகும் கணினி இயக்குநரிடம் விடாமல், ஆவண அறையின் சாவி எவரிடம் இருக்கிறதோ அவரிடமே ஒப்படைப்பது தகும் என்பது என் அபிப்பிராயம்.