எல்லிஸ் கடிதங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரியும் தமிழறிஞருமான பிரான்சிஸ் வைட் எல்லிஸ் (1777–1819) தம் நண்பர்களுக்கு எழுதியவற்றுள் அழியாமல் எஞ்சியவை எல்லிஸ் கடிதங்கள் எனப்படுகின்றன. எண்ணிக்கையில் இவை கொஞ்சமே. எல்லிஸ் தம்மிடம் வைத்திருந்த தாள்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. பிறருக்கு அனுப்பிவிட்டவை பிழைத்துக்கொண்டன. அதனால்தான் இச்சிறு தொகுதிக்கு இத்தனை மதிப்பு.

எல்லிஸ் 1796இல் எழுத்தராகச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தார். 1802இல் வருவாய் வாரியச் செயலர், பின்னர் மசூலிப்பட்டினத்தில் நீதிபதி, 1810 முதல் சென்னைக் கலெக்டர். கம்பெனிப் பணிக்கு வரும் இளைஞர்களுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டதில் அவருக்கே முதன்மைப் பங்கு. பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா, முத்துசாமிப் பிள்ளை போன்ற பண்டிதர்கள் அவரைச் சூழ்ந்திருந்தனர். வீரமாமுனிவரின் நூல்களைத் தேடி முத்துசாமிப் பிள்ளையை 1816இல் தென் மாவட்டங்களுக்கு அனுப்பியவரும் அவரே. அந்த ஆண்டு வெளிவந்த, கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்னே எல்லிஸ் எழுதிய குறிப்பு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறக்காத ஒரே குடும்பத்து மொழிகள் என்பதைச் சான்றுகாட்டி நிறுவியது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். அதற்கு நாற்பது ஆண்டுகள் முந்தியது இக்குறிப்பு.

இவ்வளவு செய்தவர் அச்சில் விட்டுச் சென்றது மிகக் குறைவு. நாற்பது வயது ஆகும்வரை எதையும் நூலாக வெளியிடுவதில்லை என்று அவர் உறுதி எடுத்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. நாற்பதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே, 1819 மார்ச்சில், தெற்கே ஆய்வுப் பயணம் வந்த இடத்தில், இராமநாதபுரத்தில் இறந்துபோனார். மருந்து மாறியதால் நேர்ந்த சாவு என்பது ஒரு செய்தி, காலரா என்பது இன்னொன்று. குறளின் அறத்துப்பாலுக்கு அவர் எழுதிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் பதின்மூன்று அதிகாரங்களோடு நின்றன. 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழகம் அதை மறுபடி வெளியிட்டது.

அவர் சாவுக்குப் பின் நடந்ததைப் பிற்காலச் சென்னை அதிகாரி சர் வால்டர் எலியட் எழுதிவைத்திருக்கிறார். உடைமைகள் ஏலம் போயின. விலைபோகாத தாள்கள் மதுரைக் கலெக்டர் பீட்ரியின் வீட்டில் கிடந்தன. அவருடைய சமையற்காரர் மாதக்கணக்கில் அவற்றை அடுப்பு மூட்டவும் கோழியின் மயிர் பொசுக்கவும் பயன்படுத்தினாராம். தமிழ் படிக்கும் எவரையும் இச்செய்தி வாட்டும். அந்தச் சமையற்காரரைக் குறைசொல்லி ஆவதொன்றுமில்லை. எழுத்துக்கு உரியவர் போய்விட்டார், அதன் அருமை அறிந்து கேட்டு வாங்க ஒருவரும் வரவில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி இறந்தபோது அவருடைய சுவடித் தொகுதியை விதவை மனைவியிடமிருந்து பத்தாயிரம் பவுன் கொடுத்துக் கம்பெனி வாங்கியது. எல்லிஸின் தாள்களுக்கு அப்படி ஒரு கை வாய்க்கவில்லை. தப்பியவற்றில் தமக்குக் கிடைத்ததை எலியட் ஜி. யு. போப்புக்குக் கொடுக்க, போப் அதை ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் சேர்த்தார்.

எல்லிஸின் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர் பம்பாயில் இருந்த வில்லியம் எர்ஸ்கின். 1804இல் அங்கே தொடங்கிய இலக்கியச் சங்கத்தின் செயலர். இன்னொரு நண்பர் ஜான் லெய்டன். 1803 முதல் 1805 வரை சென்னையில் இருந்து, 1811இல் ஜாவாவில் இறந்தவர். லெய்டன் முடிக்காமல் விட்ட பாபர்நாமா மொழிபெயர்ப்பை முடித்து 1826இல் வெளியிட்டவர் எர்ஸ்கின். நண்பரின் தாளை எறியாத மனம் அவருடையது. எல்லிஸ் எழுதிய கடிதங்களும் அவரிடம் பத்திரமாக இருந்து, இன்று எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. அரசாங்க அறிக்கையில் ஒலிக்காத குரல் இவற்றில் கேட்கிறது: நூலாகும் முன்பே ஓர் எண்ணத்தை நண்பர் முன் வைத்துப் பார்க்கும் ஆய்வாளரின் குரல்.

வாங்கியவர் காத்ததால் கடிதம் பிழைத்த இந்தக் கதை, செட்டிநாட்டு ஆத்தங்குடியின் பெரிய வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்நியமாகப் படாது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் பிள்ளையார் சுழி போட்டு எழுதிய கடிதங்களுக்கு ஊரில் வாங்கியவரின் பெட்டகமே காவல். 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது தங்கள் வணிகக் கிட்டங்கிகளை விட்டுக் கால்நடையாகத் திரும்பியவர்கள் ஏடுகளை எங்கே சுமப்பது? அதே வட்டாரத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கியது. சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகம் அப்படிப் பிறந்தது. எல்லிஸ் காலத்து மதுரையில் அத்தகைய ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

எர்ஸ்கின் காத்த கடிதங்களை வரலாற்றறிஞர் தாமஸ் டிரவுட்மன் தேடிப் படித்தார். கல்லூரி ஆவணங்களோடு அவற்றை இணைத்து 2006இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், திராவிட மொழிக் குடும்பக் கருத்து சென்னையில் எப்படி உருவானது என்பதை விரிவாகச் சொல்கிறது. அக்கருத்து எல்லிஸ் என்னும் ஒருவரின் கண்டுபிடிப்பு மட்டுமன்று. அவரோடு உட்கார்ந்து பாடம் சொன்ன தமிழ், தெலுங்குப் பண்டிதர்களின் இலக்கண அறிவும் அதில் கலந்திருக்கிறது என்பது டிரவுட்மன் காட்டும் முடிவு. இந்நூல் ‘திராவிடச் சான்று’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது.