ஹிரோஷிமாவில் பிறந்த சிவப்புக் கார்



கலிஃபோர்னியாவில் தம்பி வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. "சார், அமெரிக்காவில் என்ன பார்த்தீங்க?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இன்று எழுதப்போவது தம்பி விற்ற ஒரு பழைய கார் பற்றி. வரலாற்று வாத்தியாருக்குக் காரில் என்ன வேலை என்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்கவும். மணி அடிக்காமல் நான் பாடத்தை முடித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கார், 1990-ஆம் வருட மாஸ்டா மியாட்டா. தம்பி அதை 1999-இல் பழைய காராக வாங்கினான். கம்பெனி செய்தபோது இரண்டு பேர் உட்காரலாம். தம்பி பிரித்த பிறகு ஒரே இருக்கை. கம்பளம் இல்லை, ரேடியோ இல்லை, ஏசி இல்லை. உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு. கார் உருண்டாலும் ஓட்டுபவர் நசுங்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டினால் அதே குழாயில் தலை மோதும். அதனால் டிரெய்லரில் ஏற்றித்தான் பந்தயத்துக்குக் கொண்டுபோவான். கிளப் பந்தயத்தில் இவன் ஓடிய பிரிவில் எல்லோருக்கும் மியாட்டாதான். ஸ்பிரிங், டயர் எல்லாம் விதிப்படி ஒரே வகை. பணக்காரன் பணத்தைக் கொட்டி ஜெயிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. அப்படியும் இவன் போட்ட பணம் கொஞ்சமல்ல. அவன் மனைவி இந்தப் பதிவைப் படிப்பாள் என்பதால் தொகையை எழுதவில்லை.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று உறவுகளுக்குத் தெரியும். செங்குன்றத்திலிருந்து சைக்கிள் மிதித்து, வீட்டில் சொல்லாமல், சோழவரம் ரேஸுக்குப் போனவன் இவன். அப்பாவிடம் அடி வாங்கியதும் இவன்தான்; சைக்கிள் கொடுத்த குற்றத்துக்கு எனக்கும் இரண்டு விழுந்தது. சோழவரத்தில் கார்கள் ஓடியது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில்.

இங்கேயும் அதே கதைதான். போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கிலாந்திலிருந்து எம்.ஜி. போன்ற சின்னக் கார்களைக் கொண்டுவந்தார்கள். சும்மா இருப்பார்களா? கிளப்புகள் சேர்ந்து ஊர்ச் சாலைகளிலேயே பந்தயம் நடத்தின. 1950 முதல் பெப்பிள் பீச்சில் பைன் மரங்களுக்கு நடுவே ஓடினார்கள். 1956-இல் எர்னி மெக்காஃபி என்ற வீரர் மரத்தில் மோதி இறந்தார். அத்தோடு அந்தப் பந்தயம் நின்றது. அடுத்த வருடமே ஃபோர்ட் ஆர்ட் என்ற ராணுவ முகாமின் நிலத்தில் லகுனா சேகா பந்தயத் தளம் எழுந்தது. அங்கே கார்க்ஸ்க்ரூ என்று ஒரு வளைவு. மேட்டின் உச்சியில் திரும்பினால் தரை 59 அடி கீழே இறங்குகிறது. இறங்கும்வரை பாதை கண்ணுக்குத் தெரியாது. தம்பி என்னை அங்கே நிற்கவைத்துக் காட்டினான். எனக்கு வயிறு கலங்கியது.

இனி என் பாடம். கார் செய்யப்பட்ட ஊர் ஹிரோஷிமா. அது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

1920-இல் அங்கே கார்க் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. 1931-இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்கு மாறியது. 1945 ஆகஸ்ட் 6 அன்று தொழிற்சாலை குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நடுவில் ஹிஜியாமா என்ற சிறு குன்று மறைத்தது. நகரில் அரசு அலுவலகங்கள் அழிந்துபோனதால், மாகாண நிர்வாகமே இந்தக் கம்பெனிக் கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்து மறுவருடம் வரை நடந்தது. அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி மறுபடியும் வெளியே வந்தது. நான்கே மாதம்! பிறகு, 1989-இல் சிகாகோ கண்காட்சியில் இந்த மியாட்டா அறிமுகமானது. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் யோசனை சொல்ல, ஹிராய் என்ற பொறியாளர் தலைமையில் உருவானது. குதிரையும் வீரனும் ஒன்றாவதுபோல் காரும் ஓட்டுபவரும் ஆகவேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு.

இதையெல்லாம் தம்பிதான் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. 34 வருடம் ஹிரோஷிமாவை நடத்தியவன் நான். குண்டு விழுந்த தேதியைக் கேட்டு ஒரு மதிப்பெண் போடுவேன், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒருமுறை பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்புறம் அந்த ஊர் என்ன ஆச்சு சார்?" என்றான். "அது சிலபஸில் இல்லை, உட்கார்" என்றேன். அவன் இங்கே இருந்தால் இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளட்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும், தம்பி.

விற்ற கதைக்கு வருகிறேன். தம்பிக்கு 69 வயது, கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. ஹெல்மெட் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட காரை விற்பது லேசு இல்லை. சாலையில் ஓட்ட முடியாததை யார் வாங்குவார்? முதலில் வந்தவர் பேரம் பேசவே இல்லை, கேட்ட 9,000 டாலரையும் தருகிறேன் என்றார். பிரித்து விற்கப்போகிறார் என்று பேச்சில் தெரிந்தது. கூரை தனியாக, எஞ்சின் தனியாக என்று கூட்டினால் முழுக் காரைவிட அதிகம் வருமாம். அடுத்து ஒரு இளம்பெண் அப்பாவோடு வந்தாள். மெக்கானிக் வேலை. 7,500-க்கு மேல் முடியாது என்றாள். காரைச் சுற்றிப் பார்க்கும் முன்பே கிளப் கொடுத்த பதிவேட்டைக் கேட்டு வாங்கி, விபத்து, பழுது என்று ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள்.

தம்பி என்னைத் தனியாக அழைத்து, "நீ சொல்லுண்ணா" என்றான்.

"1,500 டாலர்டா" என்றேன். வாத்தியார் சம்பளத்தில் வாழ்ந்தவன் வேறென்ன சொல்வேன்?

அவளுக்கே கொடுத்தான். உபரி டயர்களையும் பாதி உதிரி பாகங்களையும் சும்மா ஏற்றிவிட்டான். அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளை நிறத்தில் சட்டையும் பேன்ட்டும் வாங்கிவந்தான். வளைவுகளில் கொடி காட்டும் தொண்டர்கள் போடும் உடையாம். அடுத்த மாதம் லகுனா சேகாவில் அந்தப் பெண்ணுக்கு முதல் பந்தயம். கார்க்ஸ்க்ரூவில் நிற்க இடம் கேட்டு எழுதியிருக்கிறான்.