விலை மலிந்தால் குறி தவறுமா? – சுரிகுழல் துப்பாக்கியின் வரலாறு கூறும் பாடம்



கருவியின் விலைக்கும் அதன் துல்லியத்திற்கும் உள்ள உறவு யாது? விலை உயர்ந்தால்தான் தரம் உயரும் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. பென்சில் முதல் கணினி வரை இந்த எண்ணத்தைக் கொண்டே நாம் பொருள்களைத் தேர்ந்தெடுக்கின்றோம். இதனை ஆராய நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறுபட்டது. அது ரைபிள் எனப்படும் சுரிகுழல் துப்பாக்கி. போர்க்கருவியாக அன்று, இலக்கை நோக்கிச் சுடும் விளையாட்டுக் கருவியாகவே அதனை இங்கு நோக்குகின்றேன். இலண்டன் 2012 ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பங்கேற்ற நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானியை நம்மில் பலர் அறிவோம். அவ்விளையாட்டின் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு.

துல்லியத்தின் அளவுகோல்

ஒரு வட்டத்தில் 360 பாகைகள். ஒரு பாகையில் 60 கலைகள். ஒரு கலை என்பது வட்டத்தின் 21,600இல் ஒரு பங்கு. துப்பாக்கியின் துல்லியத்தை இக்கலையால்தான் அளக்கின்றனர். 100 மீட்டர் தொலைவில் ஒரு கலை ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் ஆகும். சுட்ட குண்டுகள் அனைத்தும் இவ்வளவு சிறிய வட்டத்திற்குள் விழுந்தால் அது நல்ல துப்பாக்கி. நெடுங்காலம் இத்தகைய துல்லியம் தேர்ந்த கைவினைஞரின் பட்டறையில்தான் பிறக்கும் என்று நம்பினர்.

விட்வொர்த்தும் அரசியாரும்

இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பொறியியலில் பெரும்பெயர் பெற்றவர். திருகாணிகளின் மரைக்கு 1841இல் பொது அளவை வகுத்தவர் அவரே. அறுகோண வடிவக் குழலுடன் அவர் உருவாக்கிய துப்பாக்கி, 1857ஆம் ஆண்டுச் சோதனைகளில் படையினரின் என்ஃபீல்டு துப்பாக்கியைப் பன்மடங்கு விஞ்சியது. 1860இல் விம்பிள்டனில் நடந்த முதற்போட்டியை விக்டோரியா அரசியார் தொடங்கி வைத்தபோது, தாங்கியில் பொருத்தப்பட்டிருந்த விட்வொர்த் துப்பாக்கியின் கயிற்றை இழுத்தார். 400 கெசத் தொலைவில் குண்டு நடுப்புள்ளிக்கு மிக அருகில் பாய்ந்தது. ஆயினும் படை அதனை ஏற்கவில்லை. குழலில் வெடிமருந்துக் கரி எளிதில் படிந்தது ஒரு காரணம்; என்ஃபீல்டைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை என்பது மற்றொரு காரணம். துல்லியம் இருந்தது, வாங்குவதற்கு வழியில்லை.

கிரீட்மோர், 1874

1873இல் விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்து அணி, அமெரிக்கருக்கு அறைகூவல் விடுத்தது. 1874 செப்டம்பர் 26ஆம் நாள் நியூயார்க் அருகே உள்ள கிரீட்மோர் திடலில் இரு தரப்பிலும் அறுவர் நின்றனர். தொலைவு 800, 900, 1000 கெசம். அயர்லாந்தினர் கையில் ஜான் ரிக்பி பட்டறையில் உருவான, குழலின் வாய்வழியே மருந்திடும் துப்பாக்கிகள். அமெரிக்கர் கையில் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ஆகிய தொழிற்சாலைகளில் உருவான, பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள்.

இறுதிக் குண்டுக்கு முன் அயர்லாந்து 931, அமெரிக்கா 930. எஞ்சியிருந்தவர் ஜான் போடைன் ஒருவரே. பானப் புட்டி வெடித்து அவர் கையில் குருதி வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கையோடு சுட்டு 4 புள்ளிகள் பெற்றார். 934க்கு 931 என அமெரிக்கா வென்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அயர்லாந்தின் மில்னர் என்பவர் 900 கெசத் தொலைவில் தவறான இலக்கின் நடுவில் சுட்டு 4 புள்ளிகளை இழந்திருந்தார். அது நேராமல் இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். எனவே, தொழிற்சாலைத் துப்பாக்கி உயர்ந்தது என்று இப்போட்டி மெய்ப்பிக்கவில்லை. அது தாழ்ந்ததன்று என்பதையே மெய்ப்பித்தது. அதுவே அன்று பெரும் வியப்பு.

சிக்கனத்தின் இரு முகங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ரெமிங்டனில் பணியாற்றிய மைக் வாக்கர் என்னும் பொறியாளர் 1948இல் 721, 722 என்னும் இரு வகைகளை வெளிக்கொணர்ந்தார். அவரே இலக்குச் சுடுதலில் ஈடுபாடு மிக்கவர். குழலைத் தாங்கும் நடுப்பகுதியை இரும்புப் பாளத்திலிருந்து பலமுறை செதுக்கி எடுப்பதற்குப் பதிலாக, உருண்டையான எஃகுத் தண்டிலிருந்து கடைந்தெடுத்தார். செலவு குறைந்தது. உருளை வடிவம் எல்லாப் பக்கமும் சமமாக உறுதி பெற்றதால் துல்லியமும் கூடியது. அவ்வழியில் 1962இல் வந்ததே புகழ்பெற்ற 700 வகை.

இதற்கு மாறாக, வின்செஸ்டர் நிறுவனம் 1936 முதல் விற்றுவந்த தன் 70ஆம் வகையை 1964இல் மலிவாக்க முற்பட்டது. கையால் செதுக்கிய பிடிக்கோடுகள் அச்சழுத்தமாயின. தோட்டாவைப் பற்றும் உறுதியான அமைப்பு நீங்கியது. வாடிக்கையாளர் முகம் சுளித்தனர். இன்றளவும் 1964க்கு முந்தையவற்றையே தேடி அதிக விலை கொடுக்கின்றனர். ஒருவர் சிந்தித்துச் சிக்கனம் செய்தார். மற்றவர் வெட்டிச் சிக்கனம் செய்தார்.

ஆயினும் ரெமிங்டனின் கதையிலும் ஒரு கரிய பக்கம் உண்டு. 700 வகையின் விசை, இழுக்கப்படாமலே சுட்டுவிடுகிறது என்று பல வழக்குகள் எழுந்தன. அவ்விசையைப் பாதுகாப்பாக மாற்ற வாக்கரே 1948இல் பரிந்துரைத்திருந்தார் என்பதையும், அதற்கான செலவு ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரைக் காசு என்பதையும் 2010இல் ஒளிபரப்பான ஆவணப்படம் ஒன்று வெளிப்படுத்தியது. நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் பின்னர் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி விசைகளை மாற்றித் தர இசைந்தது. எங்கே காசைச் சேமிக்கலாம், எங்கே சேமிக்கவே கூடாது என்பதற்கு இதனினும் கடுமையான பாடம் வேண்டுமோ?

ஒரு மரையின் வெற்றி

1958இல் சேவேஜ் நிறுவனத்தின் நிக்கோலஸ் புரூவர் 110 என்னும் வகையை வடிவமைத்தார். குழலும் நடுப்பகுதியும் பொருந்தும் இடம் மயிரிழை பிசகாமல் அமைய வேண்டும். அதற்குத் தேர்ந்த கைவினைஞர் நெடுநேரம் உழைக்க வேண்டியிருந்தது. புரூவர் அங்கே ஒரு மரையை வைத்தார். அளவுக்கட்டையை உள்ளே வைத்து, குழல் அதனைத் தொடும்வரை திருகி, மரையை இறுக்கினால் போதும். தோட்டாவைப் பின்னிருந்து பூட்டும் தலைப்பகுதியும் சற்றே அசைந்து தானே சமமாக அமர்ந்துகொள்ளும். அரிய கைத்திறன் எளிய வடிவமைப்பிற்குள் புகுந்துகொண்டது.

நிறுவனம் 1988இல் நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. தலைமையேற்ற ரான் கோபர்ன் பிற வகைகளைப் பெரிதும் நிறுத்தி, 110ஐ மட்டும் பற்றிக்கொண்டார். வழக்குகளுக்கு அஞ்சித் தொழிற்சாலைகள் விசையை மிகக் கடினமாக அமைத்து விற்ற காலம் அது. கடின விசையை இழுக்கும்போது கை அசையும்; குறி தப்பும். 2002ஆம் ஆண்டின் இறுதியில் சேவேஜ் அறிமுகப்படுத்திய ‘அக்குடிரிகர்’ விசையின் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருந்தது. அதனை விரல் அழுத்தாதவரை துப்பாக்கி சுடாது. எனவே விசையை மென்மையாக்கவும் முடிந்தது, பாதுகாப்பும் கெடவில்லை. பின்னர் மற்ற நிறுவனங்களும் இத்தகைய விசைகளைக் கொண்டுவந்தன. 2003இல் பின்லாந்தின் சாக்கோ தொழிற்சாலையிலிருந்து வந்த டிக்கா டி3, எல்லாத் தோட்டா அளவுகளுக்கும் ஒரே நீள நடுப்பகுதியைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தது. குழலின் தரத்தில் கை வைக்கவில்லை.

தேர்ந்தெடுப்போர் காண வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து தேர்வு முறையும் தெளிவாகும். இலக்குச் சுடுவோர் முதலில் குழலையும், அடுத்து விசையையும், பின்னர் குழலைத் தொடாமல் தாங்கும் உறுதியான கட்டையையும் பார்க்க வேண்டும். மெருகும் வேலைப்பாடும் குண்டை நேராகச் செலுத்தா. மிச்சப்படும் பணம் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் போதல் நன்று. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம் என்பதையும் மாணவர்களிடம் மறவாமல் கூறுதல் நம் கடமை.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குக் கற்றல் கருவிகள் வாங்கும்போதும் இதே வினாவைக் கேட்டுப் பாருங்கள். இதில் வேலை செய்யும் பகுதி எது? வெறும் அலங்காரம் எது? ஆசிரியர்களே, ஓர் எளிய மரை அரிய கைத்திறனுக்கு ஈடானது போல, நன்கு திட்டமிட்ட எளிய பயிற்றுத்துணைப் பொருளும் விலையுயர்ந்த கருவிக்கு ஈடாகும். ஆனால், ஐந்தரைக் காசை மட்டும் எங்கும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

உங்கள் கருத்துகளை அறிய ஆவலாய் உள்ளேன்.