எச்சம்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர் தூரத்தில், ராக்ஸால் என்ற ஊரின் மலைச்சரிவில் டின்ட்ஸ்ஃபீல்ட் மாளிகை நிற்கிறது. தேன்நிறக் கல், கூர்நுனி வளைவுகள், வானத்தைத் தொட முயலும் சிறுகோபுரங்கள் என்று விக்டோரியா காலத்துக் கோதிக் கட்டடக்கலையின் முழுமையான சாட்சி அது. ஆனால் அதன் கதையைக் கல்லிலிருந்து தொடங்க முடியாது. பசிபிக் கடலில் நீந்தும் நெத்திலியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரு நாட்டின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் ஓடுகிறது. அடியாழத்துச் சத்து மேலே வருவதால் நெத்திலி இன மீன்கள் அங்கே கணக்கில்லாமல் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன நீர்க்காகங்களும் பூபிப் பறவைகளும் கூழைக்கடாக்களும் திரண்டு வந்து, பிஸ்கோ துறைமுகத்துக்கு அப்பால் உள்ள மூன்று சின்ச்சா தீவுகளில் அடைகின்றன. அதே குளிர்நீரால் அங்கே மழையும் இல்லை. மழை பெய்திருந்தால் கரைந்து கடலில் கலந்திருக்கும் எச்சம், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் குன்றாக உயர்ந்தது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அப்படியே உள்ளே தங்கின.

அந்த மண்ணின் மக்கள் அதன் அருமையை அறிந்திருந்தார்கள். கெச்சுவா மொழியின் ‘வானு’ என்ற சொல்தான் ஸ்பானியர் வாயில் ‘குவானோ’ ஆனது. பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் தீவில் கால் வைப்பவருக்கு இன்கா அரசர்கள் மரண தண்டனை விதித்தார்கள் என்று இன்கா வழிவந்த வரலாற்றாசிரியர் கார்சிலாசோ டி லா வேகா எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவுக்கு இந்த அறிவு வந்து சேரத் தாமதமானது. ஜெர்மன் ஆய்வுப் பயணி அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1804-இல் கொஞ்சம் குவானோவை எடுத்துச் சென்றார். மண்ணுக்கு உரம் ஏன் வேண்டும் என்பதை 1840-இல் ஜெர்மன் அறிஞர் லீபிக் வேதியியல் மூலம் விளக்கினார். சத்திழந்துபோன வயல்களை வைத்துக்கொண்டு தவித்த இங்கிலாந்து, அந்தத் தீவுகளின் பக்கம் திரும்பியது.

இங்கேதான் வில்லியம் கிப்ஸ் வருகிறார். 1790-இல் மாட்ரிட்டில் பிறந்தவர். தந்தை ஆண்டனி கிப்ஸ் வணிகத்தில் நொடித்துப்போனவர். அவர் பட்ட கடனை மகன்கள் பல ஆண்டுகள் உழைத்து அடைத்தார்கள். கடனுக்கு அஞ்சிய, கடவுள் பக்தி மிகுந்த மனிதர் வில்லியம். அவர் தலைமையில் 1842 முதல் ஆண்டனி கிப்ஸ் அண்டு சன்ஸ் நிறுவனம் பெரு அரசோடு ஒப்பந்தம் போட்டு, குவானோவை வாங்கி விற்றது. அரசுக்கு முன்பணம் கொடுத்து வட்டியும், விற்ற சரக்குக்குக் கமிஷனும் பெற்றது. 1861 வரை நீடித்த இந்த வணிகம் அவரை இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களில் ஒருவராக்கியது.

லண்டன் கணக்கேட்டில் ஒரு வரியாக இருந்தது, தீவில் என்னவாக இருந்தது? கைதிகளும் அடிமைகளும், 1849 முதல் ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்த சீனக் கூலிகளும் கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு அந்தக் குன்றுகளை வெட்டினார்கள். ஒருவர் நாளொன்றுக்கு நான்கைந்து டன் வெட்டித் தள்ள வேண்டியிருந்தது என்று அக்காலத்தில் அங்கே போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். வெட்டியதைத் தள்ளுவண்டியில் பாறை விளிம்புக்குக் கொண்டுபோய், நீண்ட கித்தான் குழாய் வழியே கீழே நிற்கும் கப்பலுக்குள் சரித்தார்கள். மஞ்சள் புழுதி கிளம்பும். அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும், மூச்சை அடைக்கும். சரக்கு ஏறும் நேரத்தில் மாலுமிகள் பாய்மரத்தின் மேலே ஏறிக்கொள்வார்கள். கூலிகளுக்கு ஏறிக்கொள்ள இடமில்லை. தாங்க முடியாமல் பாறையிலிருந்து கடலில் குதித்தவர்களைப் பற்றியும் அந்தக் குறிப்புகள் சொல்கின்றன. ஆள் பிடித்து வேலை வாங்கியது பெருவின் குத்தகைதாரர்கள். விற்று லாபம் பார்த்தது லண்டன். நடுவே ஒரு பெருங்கடல் இருந்ததால், முகம் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

கேப் ஹார்ன் முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணித்து, எச்சம் இங்கிலாந்து வந்தது. வயலில் இறங்கிக் கோதுமையானது, டர்னிப் கிழங்கானது. பிறகு பணமானது. கடைசியில் கல்லாகவும் ஆனது.

டின்ட்ஸ்ஃபீல்டை வில்லியம் வாங்கியது 1843-இல். அப்போது அது அடக்கமான, நேர்கோட்டு அமைப்புள்ள வீடு. இருபது ஆண்டுகள் கழித்து, 1863-இல், ஜான் நார்ட்டன் என்ற கட்டடக்கலைஞரிடம் அதை ஒப்படைத்தார். நார்ட்டன் பழைய வீட்டை இடிக்கவில்லை. அதன் மேல் ஒரு தளம் ஏற்றி, பக்கங்களில் புதிய பகுதிகளைச் சேர்த்து, கோபுரங்களை எழுப்பி, எல்லாவற்றையும் பாத் நகர்ப் பகுதிக் கல்லால் போர்த்தினார். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இருக்காது. ஒரு மூலையில் வட்டக் கோபுரம், இன்னொன்றில் முன்தள்ளிய சன்னல், கூரைமேல் கொத்துக் கொத்தாகப் புகைபோக்கிகள். உள்ளே இருக்கும் தேவைதான் வெளித்தோற்றத்தைத் தீர்மானிக்க வேண்டும், சமச்சீருக்காக எதையும் வளைக்கக் கூடாது என்பது கோதிக் மறுமலர்ச்சிக்காரர்களின் கொள்கை. நூலகத்துக்குள் போனால் மரச்சட்டங்கள் தெரியும் உயர்ந்த கூரை, ஆக்ஸ்ஃபோர்டின் பழைய கல்லூரி மண்டபத்தை நினைவூட்டும்.

அருகில் போய்ப் பார்க்க வேண்டியது செதுக்கு வேலை. அச்சில் வார்த்த அலங்காரம் கிடையாது. செடியைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய இலை, அதன் நரம்பு, சுருண்ட ஓரம். கல்தச்சனின் உளி ஒவ்வொரு இலையிலும் நின்று நிதானித்திருக்கிறது. மண்ணுக்கு உரம் விற்ற பணத்தில் எழுந்த சுவரில் கல்லே தழைத்திருக்கிறது.

1870-களில் ஆர்தர் ப்ளோம்ஃபீல்ட் என்ற கட்டடக்கலைஞர் வடக்குப் பக்கத்தில் ஒரு சிற்றாலயம் கட்டினார். பாரிஸின் சான்த் ஷப்பெல் ஆலயம் அதற்கு முன்மாதிரி. வெனிஸின் சால்வியாட்டி பட்டறை மொசைக் பதித்தது. அது முடிவதற்குள் 1875-இல் வில்லியம் காலமானார். உள்ளூர்த் திருச்சபையின் எதிர்ப்பால் அவர் உடலை அங்கே அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கவில்லை. ராக்ஸால் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் பணத்தில் எழுந்த ஆக்ஸ்ஃபோர்டு கீபிள் கல்லூரி ஆலயமும் அடுத்த ஆண்டுதான் திறக்கப்பட்டது.

பிறகு வீடு மூப்படைந்தது. நுழைவாயிலுக்கு மேலிருந்த பெரிய கோபுரத்தை 1935-இல் இறக்கிவிட்டார்கள். கிப்ஸ் குடும்பத்தின் கடைசி உரிமையாளரான இரண்டாம் ராக்ஸால் பிரபு மணமாகாதவர். சில அறைகளோடு வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டு 2001-இல் மறைந்தார். வாரிசுகள் பலர். வீடு ஏலத்துக்குப் போகும் நிலை. மென்ட்மோர் டவர்ஸ் மாளிகையின் பொருள்கள் 1977-இல் ஏலத்தில் சிதறிய வேதனையைப் பலர் மறக்கவில்லை. மரபுச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு கை நீட்டியது. குறுகிய காலத்தில் பொதுமக்களும் பெயர் சொல்லாத கொடையாளர்களும் சேர்ந்து 80 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். தேசிய மரபு நினைவு நிதியம் 1.74 கோடி பவுண்டு தந்தது. 2002-இல் வீடு டிரஸ்டின் சொத்தானது. கிப்ஸ் குடும்பத்தின் நான்கு தலைமுறை எதையும் தூக்கி எறியாததால், 50,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு வீடு முழுவதற்கும் சாரம் கட்டிக் கூரையைச் செப்பனிட்டார்கள். இன்று அது இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் முதல் தரப் பட்டியலில் உள்ள கட்டடம். சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லை மாற்ற முடியாது.

தமிழில் எச்சம் என்ற சொல்லுக்கு உள்ள பொருள்களில் இரண்டு இங்கே பொருந்தும். பறவை கழிப்பதும் எச்சம், மனிதர் தமக்குப் பின் விட்டுச் செல்வதும் எச்சம். இந்த ஒரு பயணத்தில் முதலாவது இரண்டாவதாக மாறியிருக்கிறது. ஆகவே டின்ட்ஸ்ஃபீல்டைக் காப்பது என்பது அதன் சுவர்களோடு அந்தப் பாதை முழுவதையும் காப்பதாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இலை செதுக்கிய உளியின் அழகைச் சொல்லும் வாய், குன்றை வெட்டிய கடப்பாறையையும் சொல்ல வேண்டும். தந்தையின் கடனைக் காசு பாக்கியில்லாமல் தீர்த்த மனிதரின் வீடு அது. மிச்சமுள்ள கடனை நினைவுகூர்வது அவருக்கு அவமரியாதை ஆகாது.

சின்ச்சா குன்றுகள் 1870-களிலேயே வெட்டித் தீர்ந்துவிட்டன. பறவைகள் மட்டும் போகவில்லை. 2009-இல் பெரு அரசு குவானோத் தீவுகளைத் தேசியக் காப்பகமாக அறிவித்தது. பயணத்தின் இரு முனையும், பறவை அடையும் பாறையும் தேன்நிறக் கோபுரமும், இன்று சட்டத்தின் காவலில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தள்ளுவண்டி தள்ளியவர்களைக் காக்க இப்போது இருப்பது நம் நினைவு ஒன்றுதான்.