ஜூன் 1938

ரிச்சர்ட் டானரின் 'சூப்பர்மேன்' படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அதன் முதல் நிமிடத்தை ஒழுங்காகக் கவனித்தது சமீபத்தில்தான். திரைச்சீலை விலகுகிறது. கறுப்பு வெள்ளையில் 'ஜூன் 1938' என்ற எழுத்து. ஒரு சின்னப் பையன் காமிக்ஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, உலகப் பொருளாதார மந்தம் மெட்ரோபொலிஸ் நகரத்தையும் விட்டுவைக்கவில்லை என்கிறான். அவ்வளவுதான். கேமரா வானத்துக்கு ஏறிவிடுகிறது. நாயகன் வளர்ந்து நகரத்துக்கு வரும்போது அது எழுபதுகளின் நியூயார்க்.

அட, அங்கேயே நின்னிருக்கலாமே என்று தோன்றியது.

'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில், பத்து சென்ட் விலையில், வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவான், அவ்வளவே. விண்வெளி அரக்கர்களும் கிடையாது. மனைவியை அடிப்பவனைச் சுவரில் வீசுகிறான். செனட்டரை வளைத்துப் போடும் தரகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இரண்டாவது இதழில், ஆயுதம் செய்து விற்கும் முதலாளியைப் பிடித்து, அவன் காசு பார்த்த போருக்கே சிப்பாயாக அனுப்புகிறான். மூன்றாவது இதழ் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாதுகாப்பில்லாத சுரங்கம் ஒன்றில் தொழிலாளி மாட்டிக்கொள்கிறான். முதலாளியோ வீட்டில் விருந்து வைத்துக்கொண்டிருக்கிறான். விருந்தாளிகளோடு அவனைச் சுரங்கத்துக்குள் இறங்க வைத்து, கூரையைச் சரித்துவிடுகிறான் சூப்பர்மேன். பட்டுடுத்தியவர்கள் கையில் மண்வெட்டி. எட்டாவது இதழில் ஒரு சேரிப்பகுதியையே இடித்துத் தள்ளுகிறான், அரசாங்கம் நல்ல வீடுகள் கட்டித் தரட்டும் என்று.

அன்றைய அமெரிக்காவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்தக் கோபம்தான் இந்தக் கதைகள். படத்தின் லெக்ஸ் லூதரும் நிலவெறி பிடித்தவன்தான். கலிஃபோர்னியாவைக் கடலில் மூழ்கடித்து, தான் வாங்கிப் போட்ட பாலைவனத்தைக் கடற்கரை மனையாக்கப் பார்க்கிறான். ஆனால் அவனைக் கோமாளியாக்கிவிட்டார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுகிறோம். 1938இல் நடந்திருந்தால் அவன் வாடகை வசூலிக்க வந்திருப்பான்.

இவனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்தில் வளர்ந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அப்போது இருவருக்கும் வயது 23. சீகலின் அப்பா 1932இல் தன் துணிக்கடையில் திருட்டு நடந்தபோது மயங்கி விழுந்து இறந்துபோனார். குண்டு துளைக்காத நாயகன் அதிலிருந்துதான் பிறந்தான் என்பார்கள் சிலர். எனக்கு அவ்வளவு நேர்க்கோடாகத் தெரியவில்லை.

தெரிவது வேறு. சூப்பர்மேனின் முழு உரிமையையும் அந்த இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதலாளியைச் சுரங்கத்தில் இறக்கியவனைப் படைத்தவர்களின் கதை இது. 1975இல் படம் தயாராகப்போகிறது என்ற செய்தி வந்தது. ஷஸ்டருக்குப் பார்வை மங்கிவிட்டிருந்தது. சீகல் பத்திரிகைகளுக்கு எழுதிப் போட்டு நியாயம் கேட்டார். அந்த டிசம்பரில்தான் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் என்று முடிவானது, கூடவே அவர்கள் பெயரையும் போடுவதாக.

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஆரம்பத்தில் பாய்ந்து வரும் நீல எழுத்துகளில் அந்த இரண்டு பெயர்களைத் தேடுகிறேன். வந்த வேகத்தில் போய்விடுகின்றன.