அளவுமீறி உண்ணும் கோளாறு: ஆய்வும் சிகிச்சையும் வளர்ந்த வரலாறு

அளவுமீறி உண்ணும் கோளாறு என்பது, குறுகிய நேரத்திற்குள் மிக அதிகமான உணவை, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு திரும்பத் திரும்ப உண்ணும் மனநலக் கோளாறு ஆகும். ஆங்கிலத்தில் இது 'பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர்' எனப்படுகிறது. நீண்ட காலம் பொதுமக்கள் இதைப் பெருந்தீனி என்றும், மருத்துவர்கள் உடல் பருமனின் ஒரு பகுதி என்றும் கருதினர். அதனால் இதற்குக் கிடைத்த ஒரே மருத்துவ அறிவுரை உணவைக் குறைப்பது என்பதாகவே இருந்தது. உடல் எடையிலிருந்து பிரித்து இதைத் தனி நோயாக அடையாளம் காண அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அந்தப் பிரிப்பே இன்றைய சிகிச்சை முறைகளுக்கு அடிப்படை.

நோயின் இயல்பு

விருந்தில் வயிறு நிறைய உண்பது இந்நோய் அல்ல. இக்கோளாறு உள்ளவர் வழக்கத்தைவிட வேகமாக உண்பார். பசி இல்லாதபோதும் உண்பார். வயிறு வலிக்கும் அளவு நிறைந்த பின்னும் தொடர்வார். பிறர் பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கத்தால் தனியாக உண்பதும், உண்டு முடித்தபின் குற்ற உணர்வாலும் தன்மீதே அருவருப்பாலும் வருந்துவதும் இதன் முக்கிய அறிகுறிகள். புலிமியா நெர்வோசா என்னும் நோயிலும் அளவுமீறி உண்ணுதல் உண்டு. ஆனால் அந்நோயாளிகள் உண்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பர், பேதி மருந்து உட்கொள்வர், பட்டினி கிடப்பர் அல்லது மிகையாக உடற்பயிற்சி செய்வர். அளவுமீறி உண்ணும் கோளாற்றில் இந்த ஈடுகட்டும் செயல்கள் தொடர்ச்சியாக இருப்பதில்லை. பருமனாக உள்ள எல்லோருக்கும் இந்நோய் இருப்பதில்லை. இந்நோய் உள்ள எல்லோரும் பருமனாக இருப்பதும் இல்லை.

முதல் விவரிப்பு: 1959

அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த உண்ணும் முறையை மருத்துவ மொழியில் விவரித்தார். பருமன் உள்ளவர்கள் அனைவரும் ஒரே விதமாக உண்பதில்லை என்று அவர் காட்டினார். சிலர் இரவில் உண்டனர். சிலருக்கு நிறைவு உணர்வே ஏற்படவில்லை. இன்னும் சிலர் குறுகிய நேரத்தில் பெருமளவு உண்டு, பின் கடுமையாக வருந்தினர்.

அதே ஆண்டில் அவர் மேவிஸ் மெக்லாரன்-ஹியூமுடன் இணைந்து இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார். எடைக் குறைப்புக்காக மருத்துவமனை ஒன்றின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட 100 பேரை அந்த ஆய்வு பின்தொடர்ந்தது. அவர்களில் 12 பேர் மட்டுமே 20 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9 கிலோ குறைத்தனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குறைவைத் தக்க வைத்திருந்தோர் 2 பேர் மட்டுமே. உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவது மட்டும் போதாது என்பதை இந்த முடிவு உணர்த்தியது. ஆனாலும் அளவுமீறி உண்ணுதலைத் தனி நோயாகக் காணும் எண்ணம் அப்போது பரவவில்லை.

புலிமியாவின் நிழலில்

1979இல் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல், அளவுமீறி உண்டு பின் வாந்தி எடுக்கும் அல்லது பேதி மருந்து உட்கொள்ளும் 30 நோயாளிகளை விவரித்து, அந்நிலைக்குப் புலிமியா நெர்வோசா என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் 'புலிமியா' இடம்பெற்றது. 1987இல் அக்கையேடு திருத்தப்பட்டபோது, ஈடுகட்டும் செயல்கள் தொடர்ந்து இருந்தால்தான் புலிமியா என்று வரையறை இறுக்கப்பட்டது. இதனால் அளவுமீறி உண்டும் ஈடுகட்டாத நோயாளிகளுக்குப் பெயரே இல்லாமல் போனது.

இந்த இடைவெளியை நிரப்ப ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையிலான குழு 1992இல் ஒரு கள ஆய்வை வெளியிட்டது. ஸ்டங்கர்டும் அக்குழுவில் இருந்தார். மருத்துவமனை சார்ந்த எடைக் குறைப்புத் திட்டங்களில் சேர்ந்திருந்தோரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு இந்நிலை இருந்தது. பொதுமக்களிடையே எடுத்த மாதிரியில் இது 2 சதவீதமாக இருந்தது.

பின்னிணைப்பில் 19 ஆண்டுகள்

புதிய நோயாக அறிவிக்க அவசரப்பட வேண்டாம் என்ற எதிர்ப்பும் எழுந்தது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்னும் அவருடைய சகாக்களும், சான்று போதாது என்று 1993இல் வாதிட்டனர். 1994இல் வெளியான கையேட்டின் நான்காம் பதிப்பு நடுவழியைத் தேர்ந்தது. மேலும் ஆராய வேண்டிய நிலைகளின் பின்னிணைப்பில் இக்கோளாறு வைக்கப்பட்டது. வாரத்தில் 2 நாட்கள் வீதம் 6 மாதங்கள் நீடித்தால் இக்கோளாறு எனக் கொள்ளலாம் என்பது அன்றைய அளவுகோல்.

அடுத்த ஆண்டுகளில் சான்றுகள் சேர்ந்தன. 2007இல் வெளியான அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் இந்நோயை எதிர்கொண்டவர்கள் பெண்களில் 3.5 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம். உண்ணுதல் கோளாறுகள் இளம்பெண்களை மட்டுமே பாதிக்கும் என்ற பொது நம்பிக்கைக்கு இது மாறானது. 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் இக்கோளாறு முழுமையான நோயாக ஏற்கப்பட்டது. அளவுகோலும் வாரம் ஒரு முறை வீதம் 3 மாதங்கள் எனத் தளர்ந்தது.

நான்காம் பதிப்பின் குழுத் தலைவராக இருந்த ஆலன் பிரான்சிஸ், சாதாரண மிகை உணவுப் பழக்கத்தையும் இது நோயாக்கிவிடும் என்று விமர்சித்தார். கட்டுப்பாட்டை இழத்தலும் கடும் மனவருத்தமும் இருந்தால்தான் நோய் எனக் கொள்ளப்படும் என்பது ஆதரவாளர்களின் பதில். 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பும் இதைத் தனி நோயாகச் சேர்த்துள்ளது.

பேச்சுவழிச் சிகிச்சைகள்

இந்நோய்க்கு அதிகச் சான்று உள்ள சிகிச்சை, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை ஆகும். புலிமியாவுக்காக ஃபேர்பர்ன் வகுத்த முறையே இதற்கும் தகவமைக்கப்பட்டது. நோயாளி தான் உண்பதையும் அப்போதைய மனநிலையையும் உடனுக்குடன் எழுதி வைப்பார். மூன்று வேளை உணவும் இடையில் சிற்றுண்டியும் நேரம் தவறாமல் உண்பார். நீண்ட நேரம் பட்டினி கிடப்பதும் கடுமையான உணவு விலக்குகளும் அடுத்த மிகை உண்ணுதலைத் தூண்டும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. அளவுமீறி உண்பவரை முதலில் ஒழுங்காக உண்ணச் சொல்வது, பழைய அறிவுரைக்கு நேர் எதிரானது.

மனிதர்களிடையேயான உறவுகளை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை, உணவைப் பற்றி அதிகம் பேசாமல், இழப்பு, பிணக்கு, தனிமை போன்றவற்றைச் சரிசெய்ய முயல்கிறது. டெனிஸ் வில்ஃப்ளி குழுவினர் 2002இல் வெளியிட்ட 162 பேர் பங்கேற்ற ஆய்வில், இது அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு இணையான பலனைத் தந்தது. உணர்ச்சிகளைத் தாங்கிக் கையாளக் கற்பிக்கும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை 44 பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2001இல் முடிவுகள் வெளியாயின. சிகிச்சை முடித்தவர்களில் 89 சதவீதத்தினர் மிகை உண்ணுதலை நிறுத்தினர். ஆறு மாதங்களுக்குப் பின் அது 56 சதவீதமாகக் குறைந்தது. பலனைத் தக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

எடைக் குறைப்பா, உண்ணும் முறையா என்ற கேள்வியை 2010இல் வெளியான 205 பேர் பங்கேற்ற ஆய்வு நேரடியாகச் சோதித்தது. எடைக் குறைப்பு நடத்தைச் சிகிச்சை, உறவுசார் உளச்சிகிச்சை, வழிகாட்டுதலுடன் கூடிய சுயஉதவி ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. எடைக் குறைப்புச் சிகிச்சை பெற்றவர்கள் தொடக்கத்தில் கூடுதலாக எடை குறைந்தனர். ஆனால் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மிகை உண்ணுதலிலிருந்து விடுபட்டிருந்தோர் மற்ற இரு பிரிவுகளிலேயே அதிகம். சுயஉதவிக்குத் தேவைப்பட்டது ஒரு கையேடும் 10 குறுகிய சந்திப்புகளும் மட்டுமே.

மருந்துகள்

மருந்துகளின் வரலாறு ஏமாற்றங்கள் நிறைந்தது. டெக்ஸ்ஃபென்ஃபுளூரமின் மிகை உண்ணுதலைக் குறைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பியது; இதய வால்வுப் பாதிப்பு காரணமாக 1997இல் அம்மருந்தே சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆய்வுகளில் பலன் காட்டிய சிபுட்ரமின், மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010இல் விலக்கப்பட்டது. வலிப்பு நோய்க்கான டோபிரமேட்டும் பலன் தந்தது. ஆனால் மறதி, மரத்துப்போதல் போன்ற பக்கவிளைவுகள் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தின.

2015 சனவரியில் லிஸ்டெக்சாம்ஃபெட்டமின், இந்நோய்க்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தானது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றுக்கு ஏற்கனவே பயன்பட்டு வந்த இம்மருந்து, நடுத்தர அல்லது கடுமையான நோயுள்ள பெரியவர்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. இது ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்தது. அடிமையாக்கும் அபாயம் உண்டு. எடைக் குறைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் எச்சரிக்கப்பட்டுள்ளது.

இன்றைய நிலை

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் தேசிய நிறுவனம் 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, பெரியவர்களுக்கு முதலில் வழிகாட்டுதலுடன் கூடிய சுயஉதவியும், அது பயன் தராவிட்டால் குழு வடிவ அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் அளிக்கப்பட வேண்டும். மருந்தை மட்டும் தனிச் சிகிச்சையாகத் தரக் கூடாது. எடைக் குறைப்பு இச்சிகிச்சையின் இலக்கு அல்ல என்பதை நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. உளச்சிகிச்சை மிகை உண்ணுதலைக் குறைத்தாலும் எடையில் பெரிய மாற்றம் தருவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரியவந்ததே இதற்குக் காரணம்.

சிகிச்சை இருந்தும் பலர் அதை நாடுவதில்லை. வெட்கம் ஒரு காரணம். மருத்துவர்கள் எடையைப் பார்த்து உண்ணும் விதத்தைக் கேட்காமல் விடுவது மற்றொன்று. உண்ணத் தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறதா என்ற எளிய கேள்வி பல நேரங்களில் நோயறிதலுக்கு முதல் படியாகிறது.