செங்கமாரிக்கு என்ன இலக்கம்?

எங்கள் வீட்டில் வருத்தங்களுக்குப் பெயர் வைக்கிற உரிமை அப்பாச்சிக்குத்தான். நெருப்புக்காய்ச்சல், கூகைக்கட்டு, சின்னமுத்து, கொப்புளிப்பான், குக்கல், முட்டு. அரியாலையில் எங்கள் வளவுக்குள் பத்தியமும் பள்ளிக்கூட லீவும் அந்தப் பெயரை வைத்தே தீர்மானமாகும்.

ஆசுபத்திரிப் பதிவேட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அதே வருத்தங்கள் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தன. நெருப்புக்காய்ச்சல் ஏ 01.0. கூகைக்கட்டு பி 26. குக்கல் ஏ 37. முட்டு ஜே 45. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் திருத்தம், மூன்று தடித்த தொகுதிகள். மூன்றாவதில் அகரவரிசையில் சொல்லைத் தேடி, முதலாவதில் அந்த இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவதோடு நின்றுவிடக்கூடாது என்பதுதான் எனக்குச் சொல்லித்தந்த முதல் சட்டம்.

சொல்லித்தந்தவர் மூத்த எழுதுவினைஞர். எல்லோருக்கும் அண்ணை. முதல் கிழமையே ஒரு பிள்ளையின் நோயாளி ரிக்கெற்றில் செங்கமாரி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் மட்டும் இருந்தது. தேடினேன், ஆர் 17. போட்டுவிட்டேன். அண்ணை ரிக்கெற்றைப் பின்பக்கம் திருப்பினார். ஒட்டியிருந்த இரத்தப் பரிசோதனைத் துண்டில் ஈரல் அழற்சி ஏ வைரசுக்கு 'பொசிட்டிவ்'.

"தம்பி, செங்கமாரி அப்பாச்சிக்கு வருத்தம். இந்தப் புத்தகத்துக்கு அது வெறும் குறி."

"அப்ப பி 15 போடட்டே, அண்ணை?"

"நீர் தீர்மானிக்கிற ஆள் இல்லை. போய் டொக்டரிட்டைக் கேட்டுக்கொண்டு வாரும்."

வார்ட்டுக்குப் போனேன். டொக்டர் முகத்தைச் சுளித்தபடி ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். அதன் பிறகுதான் அது பி 15 ஆனது. அந்த வரி இல்லாவிட்டால் சுகாதார அமைச்சுக்குப் போகிற காலாண்டுக் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு வந்த ஈரல் அழற்சி இல்லை. அதைப் பரப்பிய கிணற்றுத் தண்ணியை யாரும் சந்தேகப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

இந்த வேலைக்கு ஊரில் ஒரு முன்கதை உண்டு. யாழ்ப்பாணத்துப் பரியாரிமாரின் பரராசசேகரம் நோய்களைச் சிரரோகம், கெர்ப்பரோகம், பாலரோகம் என்று பிரித்து வைத்திருந்தது. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அதை அச்சில் கொண்டுவந்தார். கர்ப்பத்தையும் பாலரையும் தனியே வைக்கிற அந்தப் பிரிப்பு உலகப் புத்தகத்திலும் இருக்கிறது: மகப்பேற்றுக்கு 'ஓ', பிறந்த குழந்தைக்கு 'பி' (P). யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. படுக்கையருகே நின்று பார்த்தவன் அப்படித்தான் பிரிப்பான் என்று நினைக்கிறேன்.

1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். 1864இல் இருந்து தமிழிலேயே. வைத்தியாகரம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று அவரும் மாணவரும் மொழிபெயர்த்தவை பல. ஒரு நோய்க்குத் தமிழ்ச்சொல் இருந்தால் அதுதான் முதலில், இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கில ஒலி. கெமிஸ்தம் என்று ஒரு நூலுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். சிரிக்கலாம். ஆனால் நெருப்புக்காய்ச்சலுக்கு ஒரே பெயர் வேண்டும் என்ற கவலை அவருக்கும் அண்ணைக்கும் ஒன்றுதான்.

அதே கவலையோடு இலண்டனில் வில்லியம் பார் மரணங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்தார். 1893இல் பாரிசுக்காரரான ஜாக் பெர்தியோன் முன்வைத்த மரண காரணப் பட்டியல்தான் இன்றைய புத்தகத்தின் மூதாதை. அது செத்தவர்களுக்கு மட்டுமானது. 1948இன் ஆறாம் திருத்தத்தில்தான் உயிரோடு வருந்துகிறவர்களும் உள்ளே வந்தார்கள்.

புத்தகம் சில இடங்களில் எங்கள் ஊரைத் தெரிந்தமாதிரிப் பேசும். பனையால் விழுந்து வருகிற சீவல்காரருக்கு இரண்டு இலக்கம்: நாரி முள்ளந்தண்டு முறிவுக்கு எஸ் 32, மரத்தால் விழுந்ததற்கு டபிள்யூ 14. முறிவை மட்டும் போட்டால் மரம் கணக்கில் வராது. போர் ஓய்ந்த பிறகு வெடிக்கிற மிதிவெடிக்கும் ஒரு இலக்கம் வைத்திருக்கிறார்கள்: வை 36.8. அதை நான் முதலில் கண்ட நாள், புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

2020இல் அரியாலையே ஒரு இலக்கத்தோடு பேசப்பட்டது. மார்ச்சில் இங்கு நடந்த ஆராதனை ஒன்றின் பின் யாழ்ப்பாணத்தின் முதல் கொரோனா தொற்று உறுதியானது. புதிதாய் வரும் நோய்களுக்கென்று வெறுமையாய் விட்டுவைத்த பக்கத்தில் யூ 07.1 அப்போது சில வாரக் குழந்தை. பரிசோதனையில் வைரஸ் உறுதியானால் 07.1, அறிகுறியை மட்டும் பார்த்து டொக்டர் தீர்மானித்தால் 07.2. அயலவர்களோ 'அரியாலைக்காரர்' என்று சொல்லி ஒதுங்கினார்கள். அதுவும் ஒரு வகைப்பாடுதான், பிழையானது.

இப்போது ஓய்வு. 2025இல் எங்கள் சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழியை நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டினார்கள். இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், சிறுபிள்ளைகளுடையவையும். அவற்றுக்கு இலக்கம் போட என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பழகிய கை தானாகவே பக்கத்தைத் தேடியது: ஆர் 98, உடல் கண்டெடுக்கப்பட்டது, காரணம் அறிய முடியவில்லை. அதைப் போட்டு ரிக்கெற்றை மூட அண்ணை விடமாட்டார். கேட்டுக்கொண்டு வாரும் என்றுதான் அனுப்புவார்.